காணாமல் போன நிலாவும் சக்கரை எஸ்.ஐ.யும்

2022 மே 31-ஆம் தேதி மாலை, அரியலூர் மாவட்டத்தில் ஒரு மகளிர் காவல் நிலையத்திலிருந்து சிறப்பு உதவி ஆய்வாளராகப் பணி ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தி, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்து, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலை ரோல்காலுக்குப் போக வேண்டியதில்லை என்பது உடம்புக்குப் புரியவில்லை. நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். யூனிஃபார்ம் தொங்கிய கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது வாரம், ஜூன் 17, வெள்ளிக்கிழமை. சென்னையில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தாள். "அம்மா, தமிழ்ல புதுசா ஒரு போலீஸ் தொடர் இன்னைக்குத்தான் வந்திருக்கு. எட்டு எபிசோடு. வா, சேர்ந்து பாக்கலாம்" என்றாள். "முப்பத்தெட்டு வருஷம் போலீசைப் பாத்தாச்சு, நீ பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "அம்மா, வந்து பாரேன். நம்ம ஊர் மாதிரியே இருக்கு. சிமெண்ட் ஃபேக்டரி, ஸ்ட்ரைக்கு, எல்லாம் இருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றவள், பிறகு உட்கார்ந்தேன். அன்று இரவும் மறுநாளுமாக எட்டையும் பார்த்து முடித்தோம். அந்தத் தொடர்தான் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்'.

அரியலூர்க்காரர்களுக்குச் சிமெண்ட் ஆலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் மண்ணுக்கு அடியில் ஒரு பழைய கடல் கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த சிப்பியும் நத்தையும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தக் கல்லைத் தேடித்தான் ஆலைகள் வந்தன. அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்தில் வேப்பிலைகூட வெளுத்துத்தான் இருக்கும். வேலைநிறுத்தம் என்றால் ஆலை வாசலில் பந்தோபஸ்து. ராத்திரி முழுக்க ஒரு பக்கம் நாங்கள் நிற்போம், எதிர்ப்பக்கம் தொழிலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். விடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே டீக்கடைதான்.

'சுழல்' தொடங்குவது அப்படி ஓர் இரவில். சாம்பலூர் என்று ஒரு கற்பனை மலையூர். அங்குள்ள சிமெண்ட் ஆலையில் தொழிலாளர் போராட்டம். தலைவர் சண்முகம், ஆர். பார்த்திபன் நடித்திருக்கிறார். அவரை அடக்க நினைக்கும் இன்ஸ்பெக்டர் ரெஜினா, ஸ்ரேயா ரெட்டி. அவர் கீழே வேலை பார்க்கும் எஸ்.ஐ. சக்கரை, கதிர். அதே இரவில் ஆலை தீப்பிடிக்கிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலாவைக் காணவில்லை. வெளியூரில் இருந்த மூத்த மகள் நந்தினி, ஐஸ்வர்யா ராஜேஷ், தங்கையைத் தேடி ஊருக்கு வருகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. கதையை எழுதி உருவாக்கியவர்கள் 'விக்ரம் வேதா' எடுத்த புஷ்கர் - காயத்ரி தம்பதி. இயக்கியவர்கள் பிரம்மா, அனுசரண் என்று இரண்டு பேர்.

முடிச்சு எங்கே அவிழ்கிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்கட்டும். நான் சொல்ல வந்தது, காக்கி போட்டு நடித்தவர்களையும், அவர்கள் அந்தக் காக்கிக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதையும் பற்றி.

ஒரு படத்தில் போலீஸ் வேடம் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கும் விதமே வேறு. சல்யூட் அடிப்பது எளிது. யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மனுக் கொடுக்க வந்தவர் பேசும்போது அந்த அதிகாரியின் கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன். பெரும்பாலான நடிகர்கள் கேமராவுக்கு மீசையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கதிர் கேட்கிறார். எதிராளி சொல்லி முடிக்கும் வரைக்கும் முகத்தை அசைக்காமல், அதே சமயம் மனசுக்குள் ஏதோ ஓடுகிறது என்று தெரியும்படி கேட்கிறார். நல்ல எஸ்.ஐ.க்களிடம் நான் பார்த்த பழக்கம் அது. மேலதிகாரியைக் கூப்பிடும் சத்தத்திலேயே அவர் மீது மரியாதையும் சந்தேகமும் சேர்ந்து இருப்பதைக் காட்டுவதும் லேசான காரியம் கிடையாது.

எப்படி வந்தது இது என்று மகளிடம் கேட்டேன். அவள் அந்த நடிகரின் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். கதிர் அறிமுகமானது 2013-இல், 'மதயானைக் கூட்டம்' படத்தில். 2015-இல் 'கிருமி'. அதில் அவர் வேலையில்லாத ஒரு சென்னைப் பையன், போலீசுக்குத் தகவல் சொல்லும் ஆளாக மாறிச் சிக்கிக்கொள்கிறான். அந்தப் படத்தை இயக்கியவர் இதே அனுசரண். 2017-இல் 'விக்ரம் வேதா'. அதில் வேதாவின் தம்பி புள்ளி, போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாகிறவன். எழுதி இயக்கியவர்கள் இதே புஷ்கர் - காயத்ரி. 2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', சாதியின் பெயரால் அடிபட்டுக்கொண்டே படிக்கப் போராடும் சட்டக் கல்லூரி மாணவன். 2019-இல் 'சத்ரு' படத்தில்தான் காக்கி போட்டார். அப்புறம் மூன்று வருடத்தில் சக்கரை.

இன்ஃபார்மராக இருந்தவன், தோட்டா வாங்கியவன், எந்தக் கதவைத் தட்டினாலும் நியாயம் கிடைக்காதவன். இந்த மூன்று பேராகவும் நடித்துவிட்டு ஒருவர் எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்தால், எதிரே நிற்பவனின் பயம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னைக் கேட்டால், அந்தப் படங்கள்தான் அவருக்குப் பயிற்சிக் கல்லூரி. எங்களுக்குப் பயிற்சியில் சட்டம் சொல்லித் தந்தார்கள், கவாத்து சொல்லித் தந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் வேலையில் சேர்ந்த ஆறாவது வருடம்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ரெஜினாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பெண்கள் போலீசில் சேர்க்கப்பட்டது 1973-இல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர்கள். மொத்தமே இருபத்திரண்டு பேர். முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் திறக்கப்பட்டது. நான் சேர்ந்தது 1984-இல், இரண்டாம் நிலைக் காவலராக. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு வருடமே சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் தோள்பட்டை நம்பரும் சீனியாரிட்டி லிஸ்டும் மாறும். பத்து வருடத்தில் முதல் நிலைக் காவலர், பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர். எங்கள் வாழ்க்கைக் கணக்கு அதுதான்.

அந்தக் காலத்தில் திரையில் பெண் போலீஸ் என்றால் நாயகி கொஞ்ச நேரம் தொப்பி போட்டுக்கொண்டு சண்டை போடுவது. எனக்கு நினைவில் நின்றது தூர்தர்ஷனில் 1989 முதல் 1991 வரை வந்த 'உடான்'. இந்தித் தொடர், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் குடியிருப்பில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் நாங்கள் நாலைந்து பெண் காவலர்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். ஒரு சாதாரண வீட்டுப் பெண் ஐ.பி.எஸ். ஆகிறாள், அது மட்டும் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. எழுதி, இயக்கி, நடித்தவர் கவிதா சௌத்ரி. சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜியாக வந்தாரே, அவர்தான். சொந்த அக்கா காஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கையை வைத்துத்தான் அந்தத் தொடரை எடுத்தார். அந்த அக்கா 2004-இல் உத்தராகண்ட் மாநிலத்தின் டி.ஜி.பி. ஆனார், நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். தமிழ்நாட்டில் 2010-இல் லத்திகா சரண் மேடம் டி.ஜி.பி. ஆன அன்று எங்கள் ஸ்டேஷனில் கேசரி கிண்டிக் கொடுத்தோம். கவிதா சௌத்ரி 2024 பிப்ரவரியில் காலமானார். செய்தியைப் படித்தபோது சொந்தத்தில் ஒருவர் போனது போல் இருந்தது.

அப்படிப்பட்ட ஆதர்ச அதிகாரி இல்லை ரெஜினா. ஆலை முதலாளி பக்கம் சாய்ந்து நிற்கிறவள், கைநீட்டி அடிக்கிறவள், ஊரே பயப்படுகிற இன்ஸ்பெக்டர். வீட்டுக்குப் போனால் பதின்வயது மகனின் முகத்தைப் பார்த்து என்ன யோசிக்கிறான் என்று தெரியாமல் தவிக்கிற அம்மா. நிலா வழக்கில் தன் மகன் அதிசயத்தின் பெயரே வரும்போது அந்த முகம் இரண்டாகப் பிளப்பதைப் பார்க்க வேண்டும். மேலுதடு இன்ஸ்பெக்டராகவே இருக்கும், கண் மட்டும் அம்மாவாகிவிடும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய நாட்களில் நான் எந்தக் கோயில் திருவிழாவில் நின்றிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்ரேயா ரெட்டி, இந்திய அணியின் விக்கெட் கீப்பராக இருந்த பரத் ரெட்டியின் மகள். எஸ்.எஸ். மியூசிக் சேனலில் தொகுப்பாளராக இருந்தவர். 2006 அவருக்குப் பெரிய வருடம். 'திமிரு' படத்தில் ஈஸ்வரி என்ற அந்த ஆவேசக்காரி, வசந்தபாலனின் 'வெயில்' படத்தில் முற்றிலும் வேறொரு அமைதியான பெண். அடுத்து பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்'. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம், சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். அதில் நெசவாளியின் மனைவி அன்னமாக நடித்தவர் இவர். 2008-இல் திருமணம். அதன்பின் திரையில் அவரைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. பெரிய நடிகையாக வளர வேண்டியவர் வீட்டோடு இருந்துவிட்டாரே என்று பலர் நினைத்திருக்கலாம். 'சுழல்' அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரபாஸ் நடித்த 'சலார்' படத்தில் ராதா ரமா, 2024-இல் வசந்தபாலன் இயக்கிய 'தலைமைச் செயலகம்' தொடர். 'வெயில்' இயக்குநரோடு பதினெட்டு வருடம் கழித்து மறுபடி.

நடுவில் இத்தனை வருடம் விட்ட ஒரு பெண்ணுக்கு, நாற்பதைத் தொடும் வயதில், கதையையே தாங்கி நிற்கும் வேடத்தைச் சினிமா கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது என்றே நினைக்கிறேன். இரண்டரை மணி நேரப் படத்தில் நாயகனுக்குப் போக மீதி இருக்கும் இடம்தான் மற்றவர்களுக்கு. எட்டு எபிசோடுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால் ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதைக் காட்டவும் நேரம் இருக்கிறது. தினமும் வரும் நெடுந்தொடரிலும் அந்த வசதி கிடையாது. அங்கே போலீஸ் என்பவர் வெள்ளிக்கிழமை கடைசிக் காட்சியில் வீட்டு வாசலில் வந்து நின்று 'யூ ஆர் அண்டர் அரெஸ்ட்' என்று சொல்வதற்காக வருபவர். திங்கட்கிழமை அவரைக் காண முடியாது. ஒரே வேடத்தில் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்வது இன்னொரு வகை. சோனியில் வந்த 'சி.ஐ.டி.' 1998 ஜனவரியில் தொடங்கி 2018 அக்டோபர் வரை ஓடியது. வங்கி வேலையில் இருந்து நடிப்புக்கு வந்த சிவாஜி சாட்டம் இருபது வருடம் ஏ.சி.பி. பிரத்யுமன் ஆகவே இருந்தார். அதில் கதவை உடைக்கும் தயாவாக நடித்தவரைப் பார்த்தால் இன்றைக்கும் கதவை உடைக்கச் சொல்வார்கள். அந்தப் புகழ் பெரிதுதான். ஆனால் ஒரு நடிகருக்கு இருபது வருடம் என்பது எவ்வளவு வேடங்கள்!

பார்த்திபனைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டியது வேறு. 1989-இல் 'புதிய பாதை' எடுத்து நடித்து வந்தவர், 2019-இல் ஒரே ஆளாக 'ஒத்த செருப்பு' முழுப் படத்தையும் சுமந்தவர். அந்தப் படமே ஒரு போலீஸ் விசாரணை அறையில் நடப்பது. 'சுழல்' வந்து மூன்று மாதம் கழித்து, 2022 செப்டம்பர் 30-இல், 'பொன்னியின் செல்வன்' வந்தது. அதில் அவர் சின்னப் பழுவேட்டரையர். பழுவூர் எங்கள் மாவட்டம். அரியலூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் இருக்கின்றன. பழுவேட்டரையர்கள் கட்டிய கோயில்கள் அங்கே ஆயிரம் வருடமாக நிற்கின்றன. அந்த வழியில் எத்தனை இரவு ரோந்து போயிருக்கிறேன்! ஜூன் மாதம் சிமெண்ட் ஆலைத் தொழிலாளிகளின் தலைவர், செப்டம்பர் மாதம் பழுவூர்க் குறுநில மன்னர். அந்த வருடம் பார்த்திபன் எங்களுக்காகவே நடித்தது போல் எனக்குப் பட்டது. சொந்தம் கொண்டாடுவதில் தப்பில்லை. 'சுழல்' தொடரில் குணா என்ற வேடத்தில் வரும் இளங்கோ குமரவேலுக்கும் இதில் பங்கு உண்டு. மேஜிக் லான்டர்ன் நாடகக் குழு 1999-இல் பொன்னியின் செல்வனை மேடையேற்றியபோது அதை நாடகமாக எழுதியவர் அவர். மணிரத்னம் படத்தின் திரைக்கதையிலும் அவர் பெயர் இருக்கிறது. நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்கு அசையாமல் நிற்கத் தெரியும். அது தொலைக்காட்சியில் பெரிய பலம்.

ஐஸ்வர்யா ராஜேஷும் டி.வி.யில் இருந்து வந்தவர்தான். சன் டி.வி.யில் 'அசத்தப்போவது யாரு' தொகுத்து வழங்கினார், 'மானாட மயிலாட' மேடையில் ஆடினார். 'அட்டகத்தி'யில் சின்ன வேடம். 2015-இல் 'காக்கா முட்டை'யில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக நடிக்க வேறு நடிகைகள் தயங்கியிருப்பார்கள், இவர் ஒத்துக்கொண்டார், அதுவே அவரை நிறுத்தியது. 2018-இல் 'கனா'. 'சுழல்' தொடரில் அவர் காக்கி போடவில்லை. ஆனால் வழக்கை நகர்த்துவது நந்தினிதான். சொல்லாமல் அடக்கி வைத்திருக்கும் ஒரு விஷயத்தை முதல் எபிசோடிலிருந்தே முகத்தில் சுமந்துகொண்டு வருகிறாள். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது புரியும். புகார் கொடுக்க வந்து, வாசல்படியில் நின்று, "ஒண்ணுமில்ல மேடம், சும்மா வந்தேன்" என்று திரும்பிப் போகும் பெண்களின் முகம் அது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

அதே 2022-இல், பிப்ரவரி 18-ஆம் தேதி, ஜீ5-இல் 'விலங்கு' வந்தது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது, ஏழு எபிசோடுகள். நான் அதைப் பிறகுதான் பார்த்தேன். ஸ்டேஷனுக்குள் நடக்கும் பேச்சு, கேலி, ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது, லீவு கிடைக்காமல் மனைவியின் பிரசவத்தை நினைத்துக்கொண்டே பிணத்தோடு நிற்பது, இதையெல்லாம் 'சுழல்' தொடரைவிட 'விலங்கு' சரியாகப் பிடித்திருக்கிறது. நாயகன் விமல் மணப்பாறைப் பக்கத்துக்காரர். கூத்துப்பட்டறையில் பயின்றவர். 'பசங்க', 'களவாணி' என்று ஏறி, பிறகு நிறையச் சாதாரணப் படங்களில் கரைந்து போனவரை எஸ்.ஐ. பரிதி வேடம்தான் மறுபடி பேசப்பட வைத்தது. அவர் மனைவியாக வரும் இனியாவும் அவரும் 2011-இல் 'வாகை சூட வா' படத்தில் ஜோடி. அந்தப் படம் தமிழில் சிறந்த படமாகத் தேசிய விருது வாங்கியது. சிரிக்க வைக்கவே கூப்பிடப்பட்ட பால சரவணனுக்கு இதில் ஒரு முழுக் காவலர் வேடம். கிச்சப்பாவாக நடித்த ரவி என்பவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொடர் முடிந்த பிறகு அவரை மறக்கவும் முடியவில்லை. விசாரணை அறையில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை நேரில் பார்த்தவள் சொல்கிறேன், அந்த மனிதர் ஒரு இடத்தில்கூட நடிக்கவில்லை.

'சுழல்' தொடரில் எனக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. தன் மகன் பெயர் வழக்கில் வந்த பிறகு ஒரு இன்ஸ்பெக்டரை அந்த விசாரணையில் நிற்க விடமாட்டார்கள். டி.எஸ்.பி. அன்றைக்கே வேறு அதிகாரியிடம் கோப்பை மாற்றியிருப்பார். ஸ்டேஷனின் உயிர் ரைட்டர். எஃப்.ஐ.ஆர். எழுதுவது, பார்வை மகஜருக்குக் காகிதம் தயார் செய்வது, கோர்ட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர் மேசையில்தான். அந்த மேசையைத் தமிழ்த் தொடர்கள் காட்டுவதே இல்லை. 2025 பிப்ரவரி 28-இல் வந்த இரண்டாம் பாகத்தில் காளிப்பட்டினம் என்ற கடலோர ஊர், அஷ்டகாளித் திருவிழா, கொலையுண்ட வழக்கறிஞராக மலையாள நடிகர் லால். கௌரி கிஷன், மோனிஷா பிளெஸ்ஸி போன்ற இளம் பெண்களுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் ரெஜினா போல ஒருவர் எதிரில் இல்லாததால் சக்கரை தனியாக நிற்பது போல் இருந்தது. முதல் பாகம்தான் உயர்ந்தது என்பது என் தீர்ப்பு.

முதல் பாகத்தில் மயானக் கொள்ளையை மட்டும் சரியாக எடுத்திருக்கிறார்கள். மாசி மாதம் சிவராத்திரி முடிந்து வரும் அமாவாசையில், எங்கள் பக்கத்திலும் அங்காளம்மன் கோயில்களில் அது நடக்கும். காளி வேடம் கட்டியவர்கள் சுடுகாட்டுக்கு ஓடுவார்கள். பின்னால் பம்பையும் உடுக்கையும் ஓடும். கூட்டம் ஒரே பக்கமாகத் தள்ளும். அந்த பந்தோபஸ்தில் எங்கள் கவலை சாமியாடுபவர்களைப் பற்றி அல்ல. மைக் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு பெண் காவலரை உட்கார வைப்போம். இரவு முழுக்க அங்கே கூட்டத்தில் தவறிய பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். கட்டம் போட்ட சட்டை, ஐந்து வயது, பெயர் மட்டும் சொல்கிறான், ஊர் தெரியவில்லை. அம்மா வந்து அள்ளிக்கொள்ளும் வரைக்கும் என் மடியில் தூங்கிய பிள்ளைகள் எத்தனையோ.

அந்த ஆறாவது வருடக் கதை இதுதான். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டாம். ஐப்பசி மழை. இரவு ஒன்பது மணி, நான் வாசலில் பாரா காவல். பருத்திக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு கணவனும் மனைவியும் நனைந்தபடி வந்தார்கள். பதினாலு வயது மகளைச் சாயந்திரத்திலிருந்து காணோம். உள்ளே இருந்தவர், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கும். ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க" என்றார். அந்த அம்மா வெளியே வந்து என்னைப் பார்த்து, "நீயும் பொம்பளப் புள்ளதானே தாயி, ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள். நான் சொல்லவில்லை. இரண்டாம் நிலைக் காவலர், கையில் துப்பாக்கி, வாயில் வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் மனு வாங்கினார்கள். பதினோராவது நாள் வேறு மாவட்டத்தில் அந்தப் பிள்ளை கிடைத்தாள். உயிரோடு கிடைத்தாள். அந்தப் பதினோரு நாளில் நடந்ததைச் சட்டம் விசாரித்தது. ஆனால் முதல் இரண்டு நாளில் தேடியிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது. பிறகு நான் ரைட்டராக உட்கார்ந்த வருடங்களில், பிள்ளையைக் காணோம் என்று வந்த ஒருவரைக்கூட மறுநாள் வரச் சொல்லி அனுப்பியதில்லை.

நிலாவைக் காணோம் என்றதும் சாம்பலூரும் முதலில் எங்கள் ஊர் பேசியதைத்தான் பேசுகிறது. யாரோடாவது ஓடியிருப்பாள், வந்துவிடுவாள். ஒரு பெண் காணாமல் போனால் ஊர் முதலில் அவள் நடத்தையைத்தான் தேடும், அப்புறம்தான் அவளைத் தேடும். சக்கரை அந்தப் பேச்சை நம்பாமல் தேடுகிறான். அந்த இடத்தில் நான் டி.வி.யை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்றைக்குச் சட்டம் மாறியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 மே 10-இல் கொடுத்த உத்தரவுப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் காணோம் என்று புகார் வந்தால், அது கடத்தலாக இருக்கலாம் என்று கருதி உடனே எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். இரண்டு நாள் பார்க்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. எங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பெரம்பலூரோ அரியலூரோ, எந்த ஊரில் இருந்தாலும் சரி, பிள்ளையைக் காணோம் என்றால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். சமீபத்தில் எடுத்த ஒரு போட்டோ, கடைசியாகப் போட்டிருந்த உடையின் நிறம், கடைசியாகப் பேசிய போன் நம்பர், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த இரவே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது. புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள்.